பம்ப்பை ஜோடியாக வாங்குங்கள்: புல்லட் பட்டறைத் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே,

திருவொற்றியூர் ஆலையில் பிறந்த பழைய இரும்பு என்ஜின் புல்லட்டை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறீர்கள். 500 சி.சி. மாடலின் 84 மி.மீ. சிலிண்டர் போரை (உள் விட்டத்தை) 87 ஆக்கி 535 சி.சி.யாக்குகிறீர்கள், கேம் மாற்றுகிறீர்கள், கார்புரேட்டரைப் பற்றி டீ ஆறிப்போகும்வரை பேசுகிறீர்கள். சந்தோஷம். ஆயில் பம்ப் என்று வந்தால் மட்டும் ‘அண்ணே, ஹை கெபாசிட்டி போட்டாச்சு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். பல வருஷத்துக்கு முன்பு ஒரு 500-க்குப் பெரிய ஃபீட் பம்ப்பை (என்ஜினுக்குள் ஆயிலை அனுப்புவது) மட்டும் வாங்கிப் போட்டேன். ஆயிலைத் திருப்பி எடுக்கும் ரிட்டர்ன் பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது, அதற்கு எதற்குக் காசு என்று கணக்குப் போட்டேன். கொஞ்ச தூரம் வண்டி ராஜா மாதிரி போனது. அப்புறம் சைலன்சரில் நீலப் புகை. என்ஜின் மூச்சு விடும் பிரீதர் பைப் வழியாக ஆயில் கொட்டி, செயின் நனைந்து, பின் டயரில் பளபளப்பு. வண்டிக்காரர் ரிங் சரியாகப் போடவில்லை என்று என்னைத் திட்டினார். நானும் அதை நம்பி ஹெட்டைக் கழற்றினேன். ரிங்கில் ஒரு குறையும் இல்லை. கிராங்க் கேஸின் டிரெயின் போல்ட்டைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. டேங்கில் இருக்க வேண்டிய ஆயில் கிராங்க் வீலுக்கு அடியில் குளமாகக் கிடந்தது.

இந்த என்ஜினில் ஆயில் தங்குவது பின்பக்கத் தனி அறையில். ஃபீட் பம்ப் அதை எடுத்து ஃபில்டர் வழியாகக் கிராங்க்குக்கு அனுப்புகிறது. பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் பேரிங்கில்) வேலை முடித்துக் கீழே விழுந்ததை ரிட்டர்ன் பம்ப் உறிஞ்சித் திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் ஓட்டுவது டைமிங் கவருக்குள் இருக்கும் ஒரே ஸ்பிண்டில். அதைச் சுற்றுவது கிராங்க் முனையில் இருக்கும், திருகுப் பல் வெட்டிய வார்ம் நட். (அது இடது மரை. தெரியாமல் வழக்கமான பக்கம் திருகி இறுக்கிக்கொண்டவர்கள் என் பட்டறையிலேயே உண்டு.) ஆக, இரண்டு பம்ப்பும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஃபீட் தருவதைவிட ரிட்டர்ன் அதிகம் இழுக்க வேண்டுமென்றால், அது பிளஞ்சரின் (பம்ப்புக்குள் முன்னும் பின்னும் ஓடி ஆயிலைத் தள்ளும் தண்டின்) அளவிலோ அது ஓடும் தூரத்திலோதான் வர வேண்டும். ஃபீட்டை மட்டும் பெரிதாக்கினால் வருவது அதிகம், போவது பழையபடி. குளம் கட்டாமல் என்ன செய்யும்?

அந்த அளவு வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: பிளஞ்சர் 10 மி.மீ.யிலிருந்து 12 ஆனால், கண்ணுக்கு 2 மி.மீ.தான், ஆனால் ஒவ்வொரு தள்ளுக்கும் 44 சதவீத ஆயில் கூடுதல். விட்டத்தின் வர்க்கத்தில் ஏறுகிற சமாச்சாரம் இது. கடையில் வாங்கும்போது விட்டம் அளக்கும் வெர்னியர் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. பம்ப் கொடுப்பது ஆயிலின் ஓட்டத்தை. அழுத்தம் அந்த ஓட்டத்தைத் தடுக்கும் இடத்தில் பிறக்கிறது. அமெரிக்க வி8 என்ஜின் கட்டுகிறவர்கள் ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. ஆயில் அழுத்தம் வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது பேரிங்கெல்லாம் வெறும் ஷெல்லாக இருக்கிற என்ஜினுக்கு. அதைக் கொண்டுவந்து புல்லட்டில் கேஜ் மாட்டிவிட்டு முள் ஏறவில்லை என்று அழ வேண்டாம்.

நம் என்ஜினில் ஆயில் வழியிலேயே தொலையும் இடங்கள் உண்டு. கிராங்க் முனையில் இருக்கும் சீல் அதில் முதல். அந்தக் காலத்தில் கார்க்கில் வந்தது, பிறகு ரப்பர். அது தேய்ந்திருந்தால் பம்ப் தரும் ஆயில் பிக் எண்டுக்குப் போகாமல் டைமிங் கேஸுக்குள்ளேயே கசிந்து இறங்கிவிடும். அடுத்தது பம்ப்பின் டிஸ்க் (பிளஞ்சரைத் தாங்கும் வட்டத் துண்டு) கவரில் உட்காரும் இடம். ஏதோ ஒரு இரும்புத்தூள் அங்கே கோடு கிழித்திருந்தால் புது டிஸ்க் போட்டும் பயனில்லை. நைஸான கிரைண்டிங் பேஸ்ட் போட்டு, டிஸ்க்கும் கவரும் முழு வட்டமாக ஒட்டும்வரை தேய்த்து எடுங்கள். பிறகு பேஸ்ட்டைக் கழுவுங்கள். இன்னொரு முறையும் கழுவுங்கள். தேய்ந்த கவரில் மாட்டிய பெரிய பம்ப்பைவிட, சரியாக உட்கார்ந்த பழைய பம்ப் நல்லது என்பது என் அனுபவம்.

எனவே பம்ப்பைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். உள்ளே இருப்பது பழைய புஷ் வகை பிக் எண்டா, ரோலரா? புஷ் என்றால் அதன் உயிரே ஆயில் படலத்தில்தான். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் முறுக்கி ஓட்டும் 535-க்கு, பெரிய ஃபீட், பெரிய ரிட்டர்ன், அவற்றுக்கான ஸ்பிண்டில் என்று மொத்த செட்டாகப் போடுங்கள். ரோலருக்கு அவ்வளவு வெள்ளம் தேவையில்லை. ரோலர் போட்டு அளவாக ஓட்டும் 350-க்கு ஒழுங்காகத் தேய்த்துப் பொருத்திய ஸ்டாண்டர்டு பம்ப்பே போதும். காசு மிச்சம். பெரிய பம்ப் என்றால் ஸ்பிண்டில் பல்லுக்கும் பாரம் அதிகம் என்பதையும் மறக்காதீர்கள். விடியற்காலைக் குளிரில் கெட்டி ஆயிலோடு, கிக்கர் அடித்தவுடனே முறுக்கினால் அந்தப் பல்தான் அடி வாங்கும்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. கவரைப் பெஞ்சில் வைத்து, இரண்டு பம்ப்புக்கும் ஆயில் காட்டி, ஸ்பிண்டிலை நூறு சுற்று சுற்றுங்கள். ஃபீட் தந்ததை ஒரு பாட்டிலிலும் ரிட்டர்ன் தந்ததை இன்னொன்றிலும் பிடித்து அருகருகே வையுங்கள். ரிட்டர்ன் பாட்டிலில் தெளிவாக அதிகம் இல்லையென்றால் அந்த செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேலே ஹெட்டில் வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி ஆயில் வருகிறதா என்று பார்க்கிற பழக்கமும் நல்லதுதான். ஆனால் மேலே ஆயில் வருவதால் பிக் எண்டுக்கும் போகிறது என்று ஆகிவிடாது.

உதிரிபாகக் கடைக்காரர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஹை கெபாசிட்டி’ என்று மட்டும் அச்சடித்த டப்பாவை வைத்து எங்களால் என்ஜின் கட்ட முடியவில்லை. ஃபீட் பிளஞ்சர் எத்தனை மி.மீ., ரிட்டர்ன் எத்தனை, எந்த ஸ்பிண்டிலோடு சேரும் என்று மூன்று வரி போட்டுவிடுங்கள். தனித்தனியாகக் கேட்டு வருகிறவனிடம், ‘ஜோடி என்ன போட்டிருக்கே?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைக்கு என்னிடம் யாராவது கேட்டிருந்தால், ஒரு நல்ல ஹெட்டை வீணாகக் கழற்றியிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய புல்லட் மெக்கானிக்