கண்மாய்க்கு ஏற்ற ரீல்

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இளையவளுக்கு வளைகாப்பு; அந்த வேலையில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. புளியோதரையைப் பரிமாறும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பேரனைக் கண்மாய்க்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போக, தூண்டில் நூலைச் சுற்றும் ரீல் எது, தங்கூசி நூல் எது வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். மாடக்குளம் கரையில் மூங்கில் கழியோடு நாம் உட்கார்ந்திருந்த நாட்கள் கண்முன் வந்துவிட்டன. தக்கை லேசாக அமுங்கினாலே நீ மூச்சை அடக்கிக்கொள்வாய். கரையோரத்து ஜிலேபிக் கெண்டைக்கு இன்றைக்கும் அந்தக் கழி போதும். கரையை விட்டுத் தள்ளித் திரியும் ரோகுவுக்கும் கட்லாவுக்கும் எட்டி வீச வேண்டும், அதற்குத்தான் ரீல்.

ஸ்பின்னிங் ரீலையே வாங்கு. 2500 அல்லது 3000 என்று எண் போட்டிருக்கும், அந்த அளவு சரி. வளைகம்பியைத் திறந்து, தங்கூசியைச் சுட்டுவிரலில் மடக்கிப் பிடித்து, வீசும்போது விட்டால் போதும். சின்னப் பையனுக்கும் ஒரே மாலையில் கை பழகிவிடும். கழியின் மேல் உட்காரும் பெய்ட்காஸ்டிங் ரீல் இப்போது வேண்டாம். வீசும்போது அதில் நூல் சுற்றிய உருளையே சுழலும். கட்டைவிரலால் நேரத்துக்கு நிறுத்தாவிட்டால் தங்கூசி குருவிக்கூடாகிவிடும்.

தங்கூசி சாதாரண நைலானே நல்லது. 0.25 மில்லிமீட்டர் கனம், ஏறக்குறைய 4 கிலோ தாங்குவதாகப் பார். பின்னல் நூல் மெல்லியது, வலுவானது, ஆனால் நீளாது. நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். மீன் திமிறும்போது அதுதான் நம்மைக் காப்பாற்றும். வெயிலில் போட்டுவைக்காதே, வலு போய்விடும். சிக்கியதை வெட்டினால் துண்டைக் கரையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடு. கொக்கின் காலில் சுற்றிக்கொண்டால் அதனால் அவிழ்க்க முடியுமா?

எல்லாவற்றையும்விட முக்கியம் ரீலின் முகப்பில் இருக்கும் டிராக் திருகு. மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்று வைப்பது அதில்தான். போன தை மாதம் அதை முழுக்க இறுக்கிவைத்திருந்தேன். நல்ல கட்லா ஒன்று கடித்தது. கழி வில்லாக வளைந்தது, ஒரே இழுப்பு, அறுந்துவிட்டது. காற்றில் ஆடிய அந்த நுனியை இன்னும் மறக்க முடியவில்லை. வாயில் தூண்டில் முள்ளோடு அது போய்விட்டதே என்பதுதான் பெரிய வருத்தம். மீன் வேகமாக ஓடினால் ரீல் தானே நூல் விட வேண்டும். தங்கூசி தாங்கும் எடையில் கால்பங்குக்குத் திருகை வைப்பது வழக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தங்கூசி முனையில் கட்டிக் கழியால் தூக்கிப் பார். பாட்டில் மெல்ல நழுவி இறங்கினால் சரி.

கண்மாய் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலத்தில் போயிருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கு.

ரீலை வாங்கி அப்படியே இங்கே கொண்டுவா. தங்கூசிச் சுருளைத் தரையில் படுக்கவைத்து நீ கைப்பிடியைச் சுற்று, பேரன் ஈரத்துணியால் நூலைப் பிடித்துக்கொள்ளட்டும். முறுக்கு விழுந்தால் சுருளைத் திருப்பிப் போடலாம். உருளை விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது நான் நிறுத்தச் சொல்கிறேன். பொழுது சாய்வதற்குள் கரைக்குப் போய்விடலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்