அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு, எல்லாருக்கும் நன்றி

என்ன நடந்துச்சுன்னு உங்கள்ல பாதி பேருக்கு தெரியும், அதனால முதல்ல இருந்து சொல்லல. குடல் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரில கிடந்த அப்பா நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டாரு. மலம் வெளிய வர்றதுக்கு வயித்துல ஒட்டுன பை இருக்கு, ஆளு பாதியா இளைச்சுட்டாரு, ஆனா ரசத்துல உப்பு கம்மின்னு அம்மாவ திட்டுற அளவுக்கு தேறிட்டாரு.

ராத்திரியோட ராத்திரியா வந்து ரத்தம் குடுத்த பசங்க, காப்பீட்டு கார்டு வேலைய அலைஞ்சு முடிச்ச மாமா, கஞ்சி குடுத்துவிட்ட பக்கத்து வீட்டு அத்தை, ஆபரேஷன் பண்ண டாக்டருங்க, சிஸ்டருங்க எல்லாருக்கும் நன்றி, பேர் சொன்னா யாராவது விட்டுப்போயிடுவாங்க.

ஆனா இத எழுதுறதே வார்டுல நைட் ஷிப்டுல தரை துடைக்கிற அக்காவுக்காகத்தான். டைபாய்டுல குடல் ஓட்டையாகி ஆபரேஷன் முடிஞ்சு தையல் நல்லாத்தான் இருந்துச்சு, வயிறும் மெத்துன்னு இருந்துச்சு, ஆனா சாயங்காலம் ஆனா காய்ச்சல் வந்து நிக்கும், ஏன்னு புரியல. நடுவுல இந்த விக்கல் வேற. தண்ணி குடுத்தோம், சக்கரை குடுத்தோம், பாக்க வந்தவங்க யாரோ நினைக்கிறாங்கன்னு சிரிச்சுட்டு போனாங்க. ரவுண்ட்ஸ் நேரத்துல பாத்து அது அடங்கிக் கிடக்கும்.

அன்னைக்கு ராத்திரி அந்த அக்கா மாப்ப சுவத்துல சாய்ச்சுட்டு அப்பா கால்மாட்டுல கொஞ்ச நேரம் நின்னு பாத்தாங்க. "தம்பி, ஐயா தூங்குறாருல்ல? தூக்கத்துலயும் விக்குதே, நேத்தும் இப்படித்தான் இருந்தாரு"ன்னாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள அவங்களே டூட்டி டாக்டர்கிட்ட போய் கூட்டிட்டு வந்துட்டாங்க. டாக்டர் பொண்ணு சின்ன வயசுதான், வலது விலாவுக்கு கீழ அழுத்திப் பாத்துட்டு, தோள்பட்டை வலிக்குதாப்பான்னு ஒரே கேள்வி. வலிக்குதுன்னாரு. படுத்தே கிடக்குறதால வர்ற வலின்னுதான் அதுவரைக்கும் எல்லாரும் நினைச்சிருந்தோம்.

சிடி ஸ்கேன் எடுத்தா கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை) நடுவுல சீழ். குடல்ல இருந்து கசிஞ்சது, படுத்திருக்கிறப்ப மேல ஏறி அங்க போய் தேங்கிடுமாம். உதரவிதானத்துக்கு போற நரம்பு கழுத்துல இருந்துதான் கிளம்புது, தோள்பட்டை உணர்ச்சியும் அதே இடத்துலதான் போய் சேருது, அதனாலதான் சீழ் ஒரு இடத்துல இருக்க வலி இன்னொரு இடத்துல, விக்கலும் அந்த நரம்பு உறுத்துறதாலதான்னு டாக்டர் சொன்னாங்க. மறுபடி வயித்த திறக்கல. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே விலா வழியா மெல்லிசா ஒரு டியூப் போட்டு வடிச்சாங்க, என்ன கிருமின்னு பாக்க சீழ கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பி மருந்த மாத்துனாங்க, காய்ச்சல் இறங்குச்சு, விக்கலும் நின்னுச்சு.

அக்காகிட்ட காசு நீட்டினேன், கைய தட்டிவிட்டுட்டாங்க. "வீட்டுக்கு போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டு போங்க தம்பி, நாங்க மறுநாள் வந்து காலி பெட்ட பாத்தா வீட்டுக்கு போனாங்களா இல்ல வேற மாதிரியான்னே தெரியாது"ன்னாங்க. டிஸ்சார்ஜ் பகல்ல ஆயிடுச்சு, அவங்க வர்றது நைட்டு, சொல்ல முடியல, அதான் மனசு கெடந்து அடிச்சுக்குது. அந்த சர்ஜரி வார்டுக்கு உங்கள்ல யாராவது போனா, விக்கல் ஐயா நல்லா இருக்காருன்னு சொல்லிடுங்க. பை எடுக்குற ஆபரேஷனுக்கு இன்னும் சில மாசம் இருக்கு, அதுக்கு முன்னாடி ரிவியூக்கு போறப்ப நைட் ஷிப்ட் ஆரம்பிக்கிற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்து பாத்துட்டுத்தான் வருவோம், அப்பாவும் வர்றேன்னுட்டாரு.