திருக்கண்ணபுரம் கோயில் கைங்கரியம்: செயலாளரின் ஆண்டறிக்கை

சபை உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் அடியேனின் வணக்கம்.

இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட கைங்கரியங்களில் (கோயில் தொண்டுகளில்) இரவுத் தளிகையையே, அதாவது பெருமாளுக்கு இரவில் படைக்கும் உணவையே, முதலில் சொல்ல வேண்டும். அர்த்தஜாமத்தில் உற்சவரான சௌரிராஜப் பெருமாள் அமுது செய்யும் முனியோதரம் பொங்கலுக்கு அரிசியும் பாசிப்பருப்பும் நெய்யும் உறுப்பினர்கள் முறைவைத்துக் கொடுத்துவந்தார்கள். ஐப்பசி அடைமழையிலும் முறை தவறவில்லை.

அந்தப் பொங்கலின் வரலாறு நம் வீட்டுக் குழந்தைகள் பலருக்குத் தெரியவில்லை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன். அரசனுக்குச் சேர வேண்டிய வரிப்பணத்தைப் பெருமாள் கைங்கரியத்துக்கே செலவிட்டுச் சிறைப்பட்டவர் முனையதரையர். பெருமாள் அரசன் கனவில் தோன்றி அவரை விடுவித்தார். அவர் வீடு திரும்பிய இரவில் மனைவி பொங்கல் செய்து வைத்திருந்தார். கோயில் நடை சாத்தியாகிவிட்டது. இருவரும் மனத்தாலேயே பெருமாளுக்கு நிவேதனம் செய்தார்கள். மறுநாள் காலை கருவறையைத் திறந்தால் பொங்கல் மணம். பருக்கைகளும் சிதறிக் கிடந்தன. அன்றுமுதல் இரவுப் பொங்கல் நித்தியப்படி ஆயிற்று என்பது தலவரலாறு. பெருமாள் தாமே உவந்து ஏற்ற தளிகை இது. வெளியூரிலிருந்து வருவோர் மாலையில் மூலவர் நீலமேகப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பஸ் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளூர்க்காரர்களாகிய நாமும் இரவுத் தளிகை நேரத்தில் சந்நிதியில் மிகச் சிலரே நிற்கிறோம் என்பது எனக்கு வருத்தமே.

வரும் யாத்திரிகர்களுக்குத் தலவரலாறு சொல்லும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்றார்கள். அர்ச்சகரைக் காப்பாற்றப் பெருமாள் திருமுடியில் சௌரி (தலைமுடி) வளர்த்துக் காட்டிய கதையை எல்லோரும் விரும்பிக் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட நெருக்கமானது, பெருமாள் முன் பாசுரம் பாடும் அரையரின் கதை. கோயில் மதில்களைப் பகைவர் இடித்தபோது, பொறுக்கமாட்டாமல் கைத்தாளத்தைப் பெருமாள்மீதே வீசினார் அரையர். அந்தத் தழும்பைப் பெருமாள் தம் புருவத்தின்மேல் இன்றும் தாங்கி நிற்கிறார் என்பார்கள். அடியவனின் கோபத்தையும் ஏற்றுக்கொண்ட பெருமாள் அல்லவா! இதை விட்டுவிடாமல் சொல்லும்படி இளைஞர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அமாவாசைதோறும் பெருமாள் விபீஷணனுக்குத் தம் நடையழகு காட்டும் சேவையின்போது வரிசை ஒழுங்கும் குடிநீரும் நம் பொறுப்பாக இருந்தன. மாசிமகத்தன்று பெருமாள் கடல் நீராட்டான தீர்த்தவாரிக்குத் திருமலைராயன்பட்டினம் எழுந்தருளியபோது நம் உறுப்பினர்கள் உடன் நடந்தார்கள். பெருமாளின் தேவியான பத்மினித் தாயார் தங்கள் குலத்தில் பிறந்தவர் என்பதால் அங்குள்ள மீனவ மக்களுக்குப் பெருமாள் மாப்பிள்ளை. ஊரே திரண்டு மருமகனை வரவேற்பதைக் கடற்கரையில் நின்று பார்க்க வேண்டும். நம்மோடு வந்தவர்களையும் அவர்கள் குறைவில்லாமல் உபசரித்தார்கள். சபையின் நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.

பாசுர வகுப்பு நடந்தது. குலசேகராழ்வார் இராமபிரானைத் தாலாட்டியது நம் கண்ணபுரத்துப் பெருமாளை முன்னிட்டே. அந்தத் தாலாட்டுப் பாசுரங்களோடு தொடங்கினோம். பெண் பிள்ளைகள் முழுவதும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். நம்மாழ்வாரின் பதிகத்தை அடுத்து எடுக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இரவுத் தளிகை முறைப்பட்டியலில் ஆடி, ஆவணி மாதங்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது. பொருள் கொடுக்க இயலாதவர்கள் தங்கள் முறை நாளில் சந்நிதிக்கு வந்து நின்றாலே போதும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.

அடியேன்,
செயலாளர்