பொங்கல் வரை கயல் இங்கே இருக்கட்டும்

ஒத்தக்கடை, மதுரை
கார்த்திகை மாதம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் ஆறுதல். அங்கே வெளிநாட்டில் படிக்கும் உன் மகள் கயல், ஒரு செமஸ்டருக்கு இங்கே வந்தவள், அது முடிந்ததும் டிசம்பர் நடுவிலேயே திரும்பிவிடட்டுமா என்று நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கயல் டிசம்பர் நடுவில் கிளம்ப வேண்டாம். பொங்கல் முடியும் வரையாவது எங்களோடு இருக்கட்டும்.

அவளோடு படிக்கும் பிள்ளைகள் லண்டனுக்கும் பார்சலோனாவுக்கும் போய் வங்கியிலும் அருங்காட்சியகத்திலும் பயிற்சி பெறுகிறார்கள், இவள் மட்டும் மேலூர் பக்கம் கண்மாய்க்கரையில் வெயிலில் நிற்கிறாள் என்று வருந்தியிருந்தாய். பெற்ற மனம் அப்படித்தான் நினைக்கும். ஆனால் புரட்டாசியிலிருந்து அவளைத் தினமும் பார்க்கிறவன் நான். நடப்பதைச் சொல்கிறேன், பிறகு நீ முடிவு செய்.

வாரத்தில் மூன்று நாள் கல்லூரி வகுப்பு, இரண்டு நாள் கண்மாய்களைச் சீரமைக்கும் தொண்டு நிறுவனத்தில் பயிற்சி. உங்கள் ஊர்க் கல்லூரிகளில் ஒரு செமஸ்டருக்கு வழக்கமாக 15 கிரெடிட், அதாவது பாடங்களுக்கான மதிப்பு அலகு, என்பது உனக்குத் தெரியும். அதில் ஒரு பங்கு இந்தப் பயிற்சிக்கு. களக்குறிப்பேடு எழுத வேண்டும், வழிகாட்டி மதிப்பெண் போட வேண்டும், கடைசியில் ஓர் அறிக்கை தர வேண்டும். ஏற்பாடு என்னவோ எல்லா இடத்திலும் ஏறத்தாழ இப்படித்தான். வேறுபாடு யார் கையில் போய்ச் சேருகிறோம் என்பதில் இருக்கிறது. பல இடங்களில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை நகலெடுக்கவும் பட்டியல் தட்டச்சு செய்யவும் உட்காரவைத்து, மாத முடிவில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கயலின் வழிகாட்டி அம்மையார் முதல் வாரமே அவள் கையில் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டார். ‘இந்தக் கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீர் ஏன் வந்து சேரவில்லை?’ அவ்வளவுதான். அந்தப் பெண்மணிக்கு நான் மனதாரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தக் கேள்வியோடுதான் அவள் நடக்கிறாள். கிராமத்துப் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் போகும் தடம் முழுவதும். படத்தில் வாய்க்கால் இருக்கும் இடத்தில் நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, இன்னோரிடத்தில் ஒரு வீட்டுச் சுற்றுச்சுவர் நிற்கிறது. அதையெல்லாம் குறித்துக்கொள்கிறாள். உனக்கு அந்தப் பக்கத்து நிலவரம் நினைவிருக்கும். பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்கு வந்து, பேரணை என்னும் அணைக்கட்டில் பிரிந்து மேலூர் வரை பாய்கிறது. கால்வாய் எட்டும் ஊர்களின் கதை வேறு. இவள் வேலை செய்வது கால்வாய் எட்டாத மானாவாரிக் கண்மாயில். வானம் கொடுத்தால்தான் அங்கே உண்டு. மதுரையில் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதைப் பிடித்து வைக்க உதவும் வாய்க்கால் ஒன்று தூர்ந்து போனாலும் ஊருக்கு ஓராண்டுச் சோறு போயிற்று.

கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய குமிழி மடை ஒன்றை அவளுக்குக் காட்டியவர் அந்த ஊர் நீர்பாய்ச்சி, வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிறவர். வயதானவர். கரைக்கு உட்புறம் நிற்கும் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே அடைப்பைத் தூக்கினால் மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் இறங்கும், அடியில் உள்ள சேறோடித் துளைகள் வண்டலை இழுத்துக்கொண்டு போகும். நீரும் சேறும் தனித்தனி வழியில் வெளியேறும்படி அத்தனை காலத்துக்கு முன்பே கல்லில் கட்டியிருக்கிறார்கள். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவிட்டுத் தாளில் அதை வரைந்து காட்டினாள். பொறியியல் படிக்கும் என் மருமகன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். அப்போது நீ அருகில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வகுப்பில் எலினோர் ஆஸ்ட்ரோம் எழுதியவற்றைப் படிக்கிறார்கள். பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி, 2009-இல். பொதுவான நீரையும் காட்டையும் அரசோ தனி முதலாளியோ எடுத்துக்கொண்டால்தான் காப்பாற்ற முடியும் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவற்றைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியவர். நேபாளத்துப் பாசன வாய்க்கால்களையும் ஆராய்ந்தவர். காவல் பார்க்கிறவர் பயனாளிகளுக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும், முதல் தவறுக்குத் தண்டனை சிறியதாக இருக்க வேண்டும் என்பவை அவர் கண்டு சொன்னவற்றில் சில. இதைத் திங்கட்கிழமை படித்துவிட்டு வியாழக்கிழமை அறுவடையில் நெல்லாகக் கூலி வாங்கும் நீர்பாய்ச்சியின் பின்னால் நடக்கிறாள் நம் பிள்ளை. ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், கொடுக்கும் நெல், ஆகவே அவர்களுக்குத்தான் அவர் பதில் சொல்ல வேண்டும். படித்ததை வரப்பில் வைத்துப் பார்க்கிறாள், வரப்பில் கண்டதை வகுப்பில் கேள்வியாக்குகிறாள். இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இதைத்தான் நான் படிப்பு என்பேன்.

எல்லாம் இனிமையாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் மக்கள் பேசும் வேகம் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் வந்து அழுதாள். காய்ச்சலும் வந்து போயிற்று, உனக்கு அப்போதே சொல்லியிருக்கிறேன். இப்போது மேலூர் பஸ்ஸில் நடத்துநரிடம் சில்லறைக்கு வாதாடுகிறாள்.

சென்ற வாரம் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூட்டம். கண்மாய் நிறைந்தால் மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கு பற்றித்தான். மழை நன்றாக இருக்கிறது, கலுங்குக் கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேக்குவோம் என்கிறார்கள் ஆயக்கட்டுக்காரர்கள். அடைத்தால் கண்மாய்க்குள் நீர் ஏறும் உள்வாய்ப் பக்கத்து நிலம் மூழ்கும், பயிர் அழுகும் என்கிறார்கள் அங்கே பட்டா வைத்திருப்பவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கூட்டம் முடிவு இல்லாமல் கலைந்தது. கயல் இரண்டு தரப்பையும் எழுதி வைத்திருக்கிறாள்.

இப்போது நான் சொல்ல வந்ததைக் கவனி. கண்மாய் நிறையும்போது ஊரே ஒற்றுமையாக இருக்கும். மார்கழிக் கடைசியில் மழை நின்று, நீர் இறங்கத் தொடங்கி, கதிர் பால் பிடித்து நிற்கும்போதுதான் முறைத் தண்ணீர் வைப்பார்கள். யாருக்கு எத்தனை நாழிகை, வாய்க்காலின் கடைசியில் நிலமுள்ள கடைமடைக்காரனுக்கு எப்போது, முறை தவறினவனுக்கு என்ன அபராதம் என்பதெல்லாம் அப்போதுதான் வெளிப்படும். அவள் வந்தது இதைக் கற்றுக்கொள்ளத்தான். உங்கள் செமஸ்டரோ அதற்குச் சரியாக முன்னால் முடிந்துவிடுகிறது. இத்தகைய பயிற்சியைத் திட்டமிடுகிறவர்கள் கல்லூரி நாட்காட்டியை மட்டும் பார்க்காமல் ஊரின் மழையையும் விதைப்பையும் அறுப்பையும் கேட்டுக்கொண்டு தேதி குறிக்க வேண்டும் என்று அவளுடைய பேராசிரியருக்கே எழுதலாமா என்று யோசிக்கிறேன். அடுத்த செமஸ்டர் அங்கே ஜனவரியின் பிற்பாதியில்தான் தொடங்குகிறது என்று கயல் சொன்னாள். அப்படியானால் எதுவும் கெடாது.

நம் பக்கத்துச் செய்தி அதிகமில்லை. நாம் கிரிக்கெட் விளையாடிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கிறது. வைகையிலிருந்து வரும் வாய்க்காலைச் சரிசெய்ததால் வந்த பலன். மாலையில் படிக்கட்டெல்லாம் கூட்டம். உலகநேரிக் கண்மாய் இருந்த இடத்தில் 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு எங்கள் பகுதி எவ்வளவு மாறிவிட்டது என்பதைத்தான் நீ சென்ற முறையே பார்த்தாயே. கயலை அங்கேயும் அழைத்துப் போய், எது எங்கே இருந்தது என்று காட்டினேன். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட எவ்வளவு கட்டணம் என்று இந்த வாரமே விசாரித்து எழுது. பாதியை நான் தருகிறேன், மறுக்காதே. இங்கே அவளுக்குத் தனி அறை இருக்கிறது, உன் மதினி அவளைத் தன் பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவள் வருவாள் என்று தங்கை எதிர்பார்த்திருப்பாள், அது எனக்கும் வருத்தம்தான். அதனால்தான் உங்களிடம் கேட்கக் கயல் தயங்குகிறாள். அவளுக்காக நான் கேட்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்