வடிகட்டியைத் தாண்டியவை

அன்புள்ள கண்ணு,

கேப் டவுனில் கப்பல் ஏறுமுன் நீ அனுப்பிய குரல் செய்தியை நாலு தடவை கேட்டேன். அண்டார்க்டிகாவுக்கு ஒரு புல் விதைகூடப் போய்விடக் கூடாது என்று பூட்ஸ் அடியைக் கிளறவைத்தார்களாமே! ஆயாவிடம் சொன்னேன். "நம்ம வீட்டு வாசல்ல இந்தச் சுத்தம் பார்த்தாளா?" என்று ஒரே சிரிப்பு.

என் மனதில் நின்றது வேறு. மண்ணைக் கரைத்து, 0.2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள வடிகட்டிச் சவ்வில் விட்டு, அதையும் தாண்டிவரும் பாக்டீரியா உண்டா என்று கீழே இறங்கும் தெளிந்த நீரைத்தான் ஆராயப்போகிறேன் என்றாய். டர்பனில் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் 26 வருஷம் கண் சொட்டு மருந்து வடித்தவள் நான். எங்கள் சவ்வு 0.22. வடித்து முடித்ததும், ஈரச் சவ்வுக்குக் காற்றழுத்தம் மெல்ல ஏற்றி, குழாய் முனையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பேன். குமிழி சீக்கிரம் கிளம்பினால் சவ்வில் ஓட்டை. அன்றைய வேலை பாழ். கிளம்பாவிட்டால் 'கிருமியற்றது' என்று கையெழுத்து. அந்தக் கையெழுத்தையே நீ இப்போது கேள்வி கேட்கிறாய். கொஞ்சம் கோபம்தான்.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். 2015-இல் அமெரிக்காவின் கொலராடோ நிலத்தடி நீரில் கண்ட பொடிசு பாக்டீரியாக்கள், நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா ஒன்றுக்குள் 150 அடங்குமாம்! இப்படிச் சவ்வைத் தாண்டுபவற்றில் சில பிறவியிலேயே பொடிசு: மரபணுக்கள் குறைவு, வேண்டியதைத் தானே செய்துகொள்ளத் தெரியாது, பக்கத்து உயிரிடம் ஒட்டிப் பிழைப்பு. சில பட்டினியில் சுருங்கியவை. உடம்பு சிறுத்தால் பருமனுக்கு மேல்பரப்பு அதிகம். எட்டுகிற துளியையும் உறிஞ்சிக்கொள்ளலாம். பனிப்பாலை மண்ணுக்கு அது தோதுதான். கிழக்கு அண்டார்க்டிகாவில் காற்றிலுள்ள ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் வைத்தே காலம் தள்ளும் பாக்டீரியாக்களை 2017-இல் கண்டிருக்கிறார்கள். அவை பொடிசுகளா என்பது வேறு விஷயம், ஆனாலும் காற்றைப் புசித்துத் தவமிருந்த முனிவர் கதை பொய்யில்லை போலிருக்கிறது.

சரி, அம்மா புத்தி இரண்டு. மண் போடாமல் வெறும் தண்ணீரையும் அதே நாளில், அதே கருவியில் வடித்து, டிஎன்ஏ எடுத்து வை. உயிர் குறைந்த மண்ணில், பாட்டிலிலும் ரசாயனத்திலும் ஒட்டிய அழுக்கே புது இனம் என்று தலைகாட்டும். அடுத்தது, வடித்து முடித்ததும் குமிழிச் சோதனை செய். ஓட்டைச் சவ்வில் இறங்கியதெல்லாம் பொடியன் ஆகிவிடாது.

நீ திரும்புவதற்குள் லிச்சி முடிந்துவிடும். ஒரு பை ஃப்ரீசரில் போட்டுவைத்திருக்கிறேன். உன் மண் டப்பாக்களை மட்டும் அதன் பக்கத்தில் வைக்காதே.

அம்மா,
சாட்ஸ்வர்த்