தொப்பி கேட்கிறதா என்று முதலில் பார்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் குமரன்,

நலம், நாடுவதும் அதுவே. உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இங்கே தென்மேல் பருவமழை பிடித்துவிட்டது. கடற்கரைப் பக்க வீடுகளில் அலுமாரிக்குள் மடித்து வைத்த உடுப்புக்கூட ஈரவாடை அடிக்கிறது. அந்த ஈரத்தைப் பற்றிக் கடைசியில் சொல்ல இருக்கிறது.

எனக்குக் காதுக்கு அச்செடுத்துச் செய்த இன்-இயர் மொனிட்டர், அதாவது காதுக்குள் செருகும் இயர்போன், வந்து பத்து நாளாகிறதே, சத்தம் எப்படி என்று கேட்டிருந்தாய். சத்தத்தைப் பற்றிப் பத்து நாளில் தீர்ப்புச் சொல்பவனை நம்பாதே. கொடுக்கிற காசில் பெரும்பங்கு பொருத்தத்துக்குத்தான். பொருத்தம் சரிவராமல் உள்ளே சத்தம் எழுப்பும் ட்ரைவர் எத்தனை இருந்தாலும் பயனில்லை. அதனால் முதல் கிழமை பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: காதுக்கும் கோதுக்கும் (மொனிட்டரின் வெளி ஓட்டுக்கும்) இடையில் காற்றுப் போகிறதா?

அதற்கு நம்மிடம் கருவி ஒன்றும் வேண்டாம், மிருதங்கம் போதும். மிருதங்கம் தனியே வாசிக்கும், நல்லாகப் பதிவான ஒரு தனியாவர்த்தனத்தைப் போடு. வலந்தலையின், அதாவது வலக்கைப் பக்கத்தின், சாப்பு எந்த இயர்போனிலும் கேட்கும். இடக்கைப் பக்கமான தொப்பியின் தாழ்ந்த கும்கி ஒலி மட்டும் காது முழுதாக அடைபட்டால்தான் கேட்கும். காற்றுப் போக ஊசித்துவாரமளவு வழியிருந்தாலும் தாழ் சுரங்கள்தான் முதலில் ஒழுகிப் போகும். கும்கி கேட்கும்போதே வாயைத் திற, சிரி, கழுத்தை இருபக்கமும் திருப்பு. அப்போது தொப்பி மெலிந்து திரும்பி வந்தால் அந்தப் பக்கம் கசிகிறது. இன்னும் துல்லியமாகப் பார்க்க வேண்டுமென்றால் 40 ஹேர்ட்ஸ் சுரம் ஒன்றை மெதுவாக ஓடவிட்டு இதையே செய். ஒருபக்கம் மட்டும் ஏறி இறங்கினால் பிழை எங்கே என்று உடனே பிடிபடும்.

வாயைத் திறந்தால் ஏன் கசிகிறது? கீழ்த்தாடையின் மூட்டு காதுக் குழாயின் முன்சுவரோடு ஒட்டியிருக்கிறது. தாடை இறங்கினால் மூட்டு முன்னுக்கு நகரும், குழாய் அகலும். வாயை மூடி எடுத்த அச்சில் செய்த கோது பேசாமல் இருக்கும்வரை இறுக்கமாக நிற்கும், வாயைத் திறந்தவுடன் தளரும். இந்தச் சாமான் பிறந்ததே மேடைக்காக. 1995இல் வான் ஹேலன் குழுவின் ட்ரம்ஸ்காரர் அலெக்ஸ் வான் ஹேலனுக்கு, அவர்களுடைய மொனிட்டர் பொறியாளர் ஜெரி ஹார்வி செய்துகொடுத்ததில் இருந்துதான் அல்ட்டிமேட் இயர்ஸ் என்ற நிறுவனம் உருவானது. வாய் திறந்து பாடுகிறவனுக்கும் கசியக்கூடாது என்பது அதனால் அடிப்படை விதியாகிவிட்டது.

நீ யாழ்தேவியில் வந்து இங்கே அச்செடுக்க நினைப்பதாக எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் ஒன்றை வடிவாக நினைவில் வை. காது கேட்கும் கருவி கொடுக்கும் நிலையங்களில்தான் இந்த வேலை நடக்கும், அங்கே கை பழகியிருப்பது கேட்கும் கருவிக்கான அச்சுக்கு. அது பெரும்பாலும் வாயை மூடி, குழாயில் கொஞ்ச ஆழம் மட்டும் எடுப்பது. அதனால் வாசலிலேயே சொல்: இசை கேட்கும் மொனிட்டருக்கு, இரண்டாம் வளைவு தாண்டி, வாய் திறந்து, வெளிக்காது மடலின் மேல்மடிப்பு வரை முழுதாக வேண்டும். செய்யும் நிறுவனம் தன் அச்சு விதிகளைத் தாளாகவே தரும். அதை அச்சடித்துக் கையில் கொண்டுபோ. வாயைத் திறந்தபடி நிறுத்தப் பல்லிடையில் வைக்கும் கட்டை அங்கே இருக்குமா என்று முன்கூட்டியே போனில் கேள். பாடுபவர்களுக்கு ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் திறப்புக் கேட்பார்கள், உன்னுடையதற்கு எவ்வளவு என்பதை அந்தத் தாளைப் பார்த்துச் செய்.

நாலைந்து நாள் முந்தியே குறும்பியை வைத்தியரிடம் எடுப்பித்துவிடு. அன்றைக்கே எடுத்தால் தோல் சிவந்து வீங்கியிருக்கும், அச்சும் அந்த வீக்கத்தோடு வரும். செவிப்பறையில் ஓட்டை, காதில் சீழ், பழைய சத்திரசிகிச்சை ஏதாவது இருந்தால் வைத்தியரின் சம்மதமில்லாமல் இந்தப் பக்கமே போகாதே. சிலிக்கன் உள்ளே போய் இறுகினால் எடுப்பது பெரும்பாடு.

நாற்காலியில் இருந்த பிறகு நடப்பது இதுதான். முதலில் விளக்குக் குழலால் பார்ப்பார்கள். பிறகு நூல் கட்டிய ஒரு சின்னப் பஞ்சை உள்ளே தள்ளுவார்கள். காதுக் குழாய் மொத்தமே 25 மில்லிமீற்றர் அளவு, அதில் இரண்டு வளைவு. பஞ்சு இரண்டாம் வளைவைத் தாண்டி நிற்க வேண்டும். அப்போது திடீரென இருமல் வரலாம், பயப்படாதே. வேகஸ் நரம்பின் ஒரு கிளை அந்தத் தோலுக்கு வருகிறது, அதைத் தொட்டால் சிலருக்குத் தொண்டை செருமும். பஞ்சு வைத்தபின் வாயில் கட்டையைக் கடித்துக்கொள்.

சிலிக்கன் இரண்டு களியாக வரும், சம அளவு எடுத்து நிறக்கோடு மறையும்வரை பிசைந்து சிரிஞ்சில் அடைப்பார்கள். பிசைவது பிந்தினால் அது சிரிஞ்சுக்குள்ளேயே இறுகத் தொடங்கும், காதுக்குள் மடிப்பு மடிப்பாக விழும். சிரிஞ்சின் நுனி பஞ்சுக்குக் கிட்டத் தொடங்கி, களிக்குள் புதைந்தபடியே வெளியே வர வேண்டும். நுனி களியை விட்டு விலகினால் அந்த இடத்தில் காற்றுக் குமிழ். நிரப்பி முடிந்ததும் சிலர் விரலால் அழுத்தி மட்டம் பண்ணுவார்கள். அதைத் தடு. அழுத்தினால் கிண்ணப்பகுதி (குழாய் வாசலிலுள்ள குழி) விரிந்து, கோது காதைக் குத்தும். பிறகு ஐந்து நிமிடம் அளவில் கதையும் வேண்டாம், எச்சிலும் விழுங்க வேண்டாம். நகத்தால் அழுத்திப் பார்த்துத் தடம் நிற்காவிட்டால் இறுகிவிட்டது. எடுக்கும்போது மடலைப் பின்னுக்கு இழுத்துக் காற்று உள்ளே போகவிட்டு, முன்னுக்குச் சுழற்றி மெதுவாக வாங்க வேண்டும். சட்டென்று இழுத்தால் செவிப்பறையை உறிஞ்சும்.

கையில் வந்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார். இரண்டு வளைவும் தெரிய வேண்டும், அதற்கப்பால் இன்னும் சில மில்லிமீற்றர் இருக்க வேண்டும், நுனியில் பஞ்சு ஒட்டியிருக்க வேண்டும். குமிழ், மடிப்பு, கிண்ணத்தில் பள்ளம் இருந்தால் அங்கேயே இன்னொரு தரம் எடு. வெட்கப்படாதே, திரும்ப எடுப்பது கால் மணித்தியால வேலை. பிழையான அச்சில் செய்த கோது கடல் தாண்டிப் போய்த் திரும்பி வர மாதமாகும். வலதும் இடதும் ஒன்றைப்போல் ஒன்று இல்லையே என்று யோசிக்காதே, யாருடைய காதும் அப்படித்தான். நூலை வெட்டாமல், துணியால் இறுக்கிச் சுற்றாமல், ஒரு சின்னக் கெட்டிப் பெட்டியில் போட்டு அனுப்பு. கார் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் விடாதே.

கோது அக்ரிலிக்கா சிலிக்கனா என்று கேட்பாய். மிருதுவான சிலிக்கன் தாடை அசையும்போது கூடவே நெளியும், சத்தத்தையும் கூடுதலாக அடைக்கும். ஆனால் உள்ளே பழுது வந்தால் திறந்து திருத்துவது கஷ்டம். இங்கே இருந்து திருத்தத்துக்கு அனுப்பிப் பெறுவதே ஒரு தலையிடி என்பதால் என் வாக்கு அக்ரிலிக்குக்கு.

போடும் விதம் முதல் இரண்டு நாள் பழகாது. சிவப்பு வலது, நீலம் இடது. குழாய்ப் பகுதியை முன்னுக்குச் சரித்து உள்ளே விட்டு, பின்னுக்குச் சுழற்றினால் மேல்நுனி மடிப்புக்குள் போய்ப் பூட்டும். மற்றக் கையால் மடலை மேலே பின்னுக்கு இழுத்துக்கொள். மெதுவாகத் தள்ளு, உள்ளே அடைபட்ட காற்று வெளியேற நேரம் வேண்டும். வறண்டு உரசினால் தண்ணீரில் கரையும் ஜெல் ஒரு பொட்டு, சத்தம் வரும் துவாரங்களில் படாமல். எண்ணெய் வேண்டாம்.

முதல் நாட்களில் இருபது நிமிடம், அரை மணித்தியாலம் என்று கூட்டிக்கொண்டு போ. காது நிறைந்த மாதிரி ஓர் அழுத்தம் இருக்கும், அது பழகிப் போகும். ஒரே இடத்தில் ஊசி குத்துவதுபோல் வலித்து, கழற்றிய பின்னும் சிவப்பு நின்றால் அது பழக்கத்தால் தீராது. கண்ணாடியில் பார்த்துப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பு. குத்துகிற இடத்தைத் தேய்த்துத் தருவார்கள். தளர்ந்து கசிந்தால் மட்டும் புது அச்சுக் கேட்பார்கள். பலர் இலவசத் திருத்தத்துக்கு 30 நாள் அளவில்தான் தவணை தருகிறார்கள், காசு கட்டமுன் அதைக் கேள். நீயே அரத்தாள் எடுத்துத் தேய்க்க நினைக்காதே, கோதின் சுவர் மெல்லியது, அதன் பின்னாலேயே கம்பிகள்.

இனிச் சத்தம். கும்கி சரியாகி, இரண்டு பக்கமும் சமமாக அடைபட்ட பிறகு தம்புராவைக் கேள். பல ட்ரைவர் செட்டில் தாழ் பகுதியை ஒன்றும் மேல் பகுதியை இன்னொன்றும் வாசிக்கின்றன, இடையில் ஒரு குரோஸ்ஓவர் பிரித்துக் கொடுக்கிறது. அந்தச் சேர்க்கை மோசமென்றால் தம்புராவின் ரீங்காரம் அடிச்சுரத்தை விட்டுத் தனியே மிதக்கும். உனக்குப் பிடித்த நாதஸ்வரம் இன்னொரு பரீட்சை. அடைக்காத காதில் 3 கிலோஹேர்ட்ஸ் அளவில் இயற்கையாகவே ஓர் எழுச்சி இருக்கிறது. குழாயை அடைத்ததும் அது போய்விடும், அதைச் செட் திரும்பக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் நாதஸ்வரம் போர்வைக்குள் இருந்து வரும், கூட்டிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் காது களைக்கும். ஓடவிட ஓடவிட ட்ரைவர் இளகும் என்று சொல்வார்கள். பலன்ஸ்ட் ஆர்மச்சர் என்ற வகை ட்ரைவரில் நான் அதை நம்பவில்லை, இளகுவது நம் காதுதான்.

போனில் நேரே கேட்பாயா, போனுக்கும் வயருக்கும் இடையில் செருகும் டொங்கிள் வாங்குவாயா என்பதும் சின்ன விடயமில்லை. இந்தச் செட்டுகளின் மின்தடை சுரத்துக்குச் சுரம் மாறும். ஓரிடத்தில் 10 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று வை. கொடுக்கும் கருவியின் வெளியீட்டுத் தடை 10 ஓம் என்றால் அந்த இரண்டு இடத்துக்கும் இடையில் 4 டெசிபல் வித்தியாசம் தானாக வந்துவிடும். 1 ஓம் என்றால் அது வெறும் 0.6 டெசிபல். விலை கூடிய பெட்டி தேவையில்லை, தடை குறைந்த ஒரு சின்ன டொங்கிள் போதும். பாட்டில்லாதபோதும் உஸ் என்று இரைச்சல் கேட்டால் அது பெரும்பாலும் கருவியின் குறை.

வயரில் ஒரு பொறி இருக்கிறது. 0.78 மில்லிமீற்றர் இரண்டு ஊசி வகையில் ஒருபக்கத்தை மட்டும் தலைகீழாகக் குத்தினால் தொப்பி மெலிந்ததுபோல் கேட்கும், நீ கசிவென்று நினைத்துக் காதைத் திருகிக்கொண்டிருப்பாய். தனிக்குரல் பாட்டொன்றைப் போட்டுப் பார். குரல் தலையின் நடுவில் நிற்காமல் இருபக்கமும் கலைந்து போனால் ஊசி மாறியிருக்கிறது. ஒருபக்கம் மட்டும் மங்கினால் வயரை இடம் வலம் மாற்றிக் குத்து. மங்கல் கூடவே மாறினால் வயர், மாறாவிட்டால் கோது. அநேகமாகத் துவாரத்தில் குறும்பி.

அக்ரிலிக் செட்டுகள் 26 டெசிபல் அளவில் வெளிச்சத்தத்தை அடைக்கும் என்று செய்பவர்கள் போடுகிறார்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் கண்டக்டரின் குரல் போய்விடுகிறது, என்ஜினின் உறுமல் கொஞ்சம் மிஞ்சுகிறது. நன்மை என்னவென்றால் சத்தத்தைக் கூட்டத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி: 83இல் 20, 86இல் 10, 89இல் 5. ஒரு காதை மட்டும் கழற்றிக் கேட்காதே, மற்றதைக் கை தானாகக் கூட்டும். காலி வீதியைக் கடக்கும்போதும் ரயில் பாதையைத் தாண்டும்போதும் இரண்டையும் கழற்று. ரயில் ஹோர்ன் கேட்காது, இதில் விளையாட்டில்லை.

உன் சொந்தக் குரல் பானைக்குள் இருந்து வருவதுபோலவும், முறுக்குக் கடித்தால் கல் உடைவதுபோலவும் கேட்கும். கோது குழாயில் ஆழம் போகப்போக அது குறையும். ஆழமாக அச்செடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஈரம். இந்தச் சாமானை இங்கே கொல்வது அதுதான். கழற்றியதும் உலர்ந்த துணியால் துடை, துவாரத்தைக் கீழ்நோக்கிப் பிடித்துக் கம்பி வளையத்தால் குறும்பியை எடு. மேல்நோக்கிப் பிடித்தால் அது உள்ளே விழும். அக்ரிலிக்கில் ஸ்பிரிட் பூசாதே, மங்கி வெடிக்கும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வை, நிறம் மாறினால் ஜெல்லை மாற்று. அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிடு துவாரத்தை அடைக்கும். சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகினால் அன்றைக்கு இதைத் தொடவே தொடாதே.

இவ்வளவையும் வாசித்து அலுத்துப் போனாயென்றால் வேறு வழியும் இருக்கிறது. இப்போதுள்ள இயர்போனுக்கே அச்செடுத்து மிருதுவான நுனி மட்டும் செய்விக்கலாம். செலவு குறைவு, பொருத்தத்தின் பயன் பாதிக்கு மேல் கிடைக்கும், பிறகு இயர்போனை விற்கவும் முடியும். உன் காதுக்குச் செய்த கோதை யார் வாங்குவான்?

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்தி வருவதென்றால் நாளை எழுது. அச்செடுத்ததும் தபாலில் போடாதே. நாலு பக்கமும் படமெடுத்து எனக்கு அனுப்பு, இரண்டாம் வளைவு வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி