காபி கிரைண்டர் வாங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக்குக் காபி கிரைண்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட், ஜார் எவ்வளவு பெரியது என்பதைத்தான். விளம்பரங்களும் அதையே பெரிதாகப் போடுகின்றன. ஆனால் காபியின் ருசிக்கும் இந்த இரண்டுக்கும் பெரிதாகச் சம்பந்தம் கிடையாது, வீட்டுச் சாதனங்களைப் பற்றி நாளிதழ்கள் எழுதும்போது இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பார்க்க வேண்டியது உள்ளே இருப்பது சுற்றும் கத்தியான பிளேடா, பல் வெட்டிய பர்ரா என்பதைத்தான். விலை குறைந்தவை பெரும்பாலும் பிளேடு. அது கொட்டையை அரைப்பதில்லை, கண்டபடி அடித்து உடைக்கிறது. அரைத்த தூளை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள், கால் கொட்டை அளவுக்குக் குருணை கிடக்கும், அதோடு விரலில் அப்பிக்கொள்கிற மாவும் இருக்கும். வெந்நீர் பட்டதும் மாவிலிருந்து கசப்பு வரைக்கும் எல்லாம் இறங்கிவிடும், குருணையிலிருந்தோ பாதிகூட இறங்காமல் புளிப்புத்தான் முந்திக்கொண்டு வரும். ஒரே மடக்கில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து தெரிந்தால் நாம் கொட்டையைத்தான் குறை சொல்கிறோம். இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினாலும் தீராது, குருணை குறைவதற்குள் மாவு கூடிவிடும், தூளும் சூடேறிவிடும்.

பர் என்பது பல் வெட்டிய இரண்டு பாகங்கள், ஒன்று அசையாமல் இருக்க இன்னொன்று சுற்றும். நடுவில் நாம் வைத்திருக்கும் இடைவெளிக்குள் நுழையும் அளவுக்கு நொறுங்கினால்தான் தூள் வெளியே வரும். இதிலும் கொஞ்சம் மாவு விழத்தான் செய்யும், ஆனால் தட்டில் பரப்பினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பர் கூம்பு வடிவமா தட்டையா என்று பெரிய விவாதமே நடக்கிறது, வீட்டுக்கு எதுவானாலும் சரி.

அடுத்தது, எந்த முறையில் காபி போடுகிறீர்கள் என்பது. தூளை வெந்நீரில் ஊறவைத்து வலையால் அமுக்கி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸுக்குக் கொரகொரப்பாக, காகித வடிகட்டிக்கு நடுத்தரமாக அரைத்தால் போதும், சுமாரான பர் கிரைண்டரே சமாளித்துவிடும். வெந்நீரை அழுத்தத்தோடு தூளுக்குள் செலுத்தி இறக்கும் எஸ்பிரெஸ்ஸோ அப்படியில்லை. ஏறத்தாழ 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டியது, பர் இடைவெளியை மாற்றத் திருகும் படிகள் பெரிதாக இருந்தால் ஒரு படியில் தண்ணீர் மாதிரி ஓடிவிடும், அடுத்த படியில் அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விழும், நடுவில் நிறுத்த வழியே இருக்காது. அதனால் நைஸாக அரைக்குமா என்று மட்டும் கேட்காமல், படிகள் எவ்வளவு நுணுக்கமானவை, படியே இல்லாமல் திருக முடியுமா என்றும் கேளுங்கள்.

ஒன்றிரண்டு பேர் குடிக்கிற வீட்டில் கையால் சுற்றும் கிரைண்டரைத் தயங்காமல் வாங்கலாம். மோட்டாருக்குப் போகிற காசு பர்ருக்கும் பேரிங்குக்கும் போவதால் அதே விலையில் அரவை பெரும்பாலும் நன்றாக இருக்கும். வாங்கும்போது நடுத்தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் கொரகொரப்பான அரவை சீராக வராது. எஸ்பிரெஸ்ஸோவுக்குக் கையால் அரைக்கக் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஆள் அதிகமுள்ள வீட்டுக்கு மின்சாரத்தில் ஓடுவதே நல்லது.

அப்புறம் சுத்தம். மேல் பர்ரைச் சுலபமாகக் கழற்ற முடியுமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். உள்ளே தங்கும் தூளில் எண்ணெய்ப் பசை சிக்கு வாடை பிடித்து, புதுக் கொட்டையையும் கெடுத்துவிடும். இரும்புப் பர்ரைத் தண்ணீரில் கழுவினால் துருப்பிடிக்கும், பிரஷ் போதும். தூள் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்வது அரைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரத்தால். அரைக்கும் முன் கொட்டையில் ஓரிரு துளி தண்ணீர் தெளித்துக் கிளறினால் அது குறையும், ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2023இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள்.

கையில் இருக்கும் பணத்தில் காபி மெஷினையா கிரைண்டரையா எதை நல்லதாக வாங்குவது என்றால், கிரைண்டரைத்தான் என்பேன். இப்போதைக்கு பிளேடுதான் இருக்கிறது என்பவர்கள் விட்டுவிட்டு ஓட்டுங்கள், நடுநடுவே குலுக்குங்கள், கடைசியில் மெல்லிய சல்லடையில் சலித்து மாவைத் தள்ளிவிடுங்கள். கசப்பு நன்றாகவே குறையும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்